பாலம் ஏறாத ஸ்கூட்டர்

பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் வீட்டுக்காரன் சொல்லச் சொல்ல மருந்துக்கடைக்காரர் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதச் சொன்னேன். அவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். இருந்தாலும் எழுதியிருப்பார் என்று நம்புகிறேன். நீ மகள் வீட்டில் இருக்கிறாய், உனக்கு என்ன குறை இருக்கப் போகிறது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பேத்திக்கு இருமல் விட்டதா?

போனில் பேசக் கூடாதா என்று இவர் கேட்டார். பேசினால் நீ "ம்" என்கிறாய். அப்புறம் அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிடுகிறாய். எந்த வீட்டில் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் பால் காயும்? கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. வைத்தாலும் மறுபடி எடுத்துப் படிப்பாய், உன்னை எனக்குத் தெரியும்.

மருந்துக்கடைக்காரர் டாக்டர்களின் கிறுக்கலையே படிக்கிறவர். அவர் எழுத்து உனக்குப் புரியாமல் போகாது. மத்தியானம் கடையில் ஆள் வராத நேரம் பார்த்து வந்து உட்கார்ந்திருக்கிறேன். யாராவது தலைவலி மாத்திரை கேட்டு வந்தால் கடிதம் நின்றுவிடும். அதனால் எங்கேயாவது பேச்சு அறுந்த மாதிரி இருந்தால் அது என் குற்றம் இல்லை.

வீட்டில் குழாய் சொட்டுகிறது. நீ அதை எப்படித் திருகி நிறுத்துவாய் என்று தெரியவில்லை, நான் திருகினால் இன்னும் அதிகமாகச் சொட்டுகிறது. சமையலறையில் எந்த டப்பாவைத் திறந்தாலும் அது நான் தேடியதாக இல்லை. உப்பு என்று நினைத்துச் சர்க்கரையைப் போட்டுவிட்டேன். ஒவ்வொரு டப்பா மேலும் நீ எழுதி ஒட்டியிருக்கிறாய். எனக்கு அதனால் என்ன பிரயோஜனம்? பக்கத்து வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னால், அவர் கண்ணாடியை எடுத்து வர வீட்டுக்குப் போகிறார், அங்கே துணி கொடுக்க வந்தவரோடு பேசிக்கொண்டு என்னை மறந்துவிடுகிறார். அடுப்பில் தண்ணீர் வற்றிப் பாத்திரம் அடிப்பிடித்துவிட்டது. எந்தப் பாத்திரம் என்று இப்போது சொல்ல மாட்டேன்.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். அதற்குத்தான் இந்தக் கடிதமே.

அன்றைக்கு நடந்ததை நான் மறக்கவில்லை. எனக்கு எழுத்துத்தான் வராது, ஞாபகம் நன்றாகவே வரும். சந்தையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பாலத்தடியில் காய்கறி வண்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்று கிளம்ப வேண்டியதாகிவிட்டது. எப்போதும் அங்கே இறங்கி மேலே நடந்து வருகிற நீ அன்றைக்கு இறங்கவில்லை. வெயில் அதிகமாக இருக்கிறது, ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாருங்கள், ஏறினாலும் ஏறும் என்றாய். நானும் பண்ணிப் பார்த்தேன். கொஞ்ச தூரத்திலேயே வண்டி மூச்சை விட்டுவிட்டது. பின்னால் லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அந்தச் சமயத்தில் ஒரு மனுஷன் வாயில் என்ன வரும்? ஒரு வார்த்தை வந்தது. டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள் என்றால் அது அவர்களுடைய பழக்கம், அவர்கள் எதற்கும் சிரிப்பார்கள். நீ இறங்கினாய். நான் வழக்கம்போல மேலே போய் விளக்குக் கம்பத்தடியில் நின்றேன். நின்றேன், நின்றேன், வெயில் நிழலாகும் வரைக்கும் நின்றேன். நீ பாலம் ஏறவே இல்லை, திரும்பி நடந்து பஸ் ஏறிவிட்டாய் என்று எனக்கு யார் வந்து சொன்னது தெரியுமா? பூண்டு விற்கிறவள். கட்டின புருஷனுக்குப் பூண்டுக்காரி வந்து சேதி சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி. கோபம் வண்டிக்காகத்தானே, வண்டியைச் சரி பண்ணிவிட்டால் போகிறது என்று மறுநாளே பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பழைய சினிமாக் கொட்டகைக்குப் பின்னால் ஒருத்தன் இருக்கிறானே, ராக்கெட் என்று கூப்பிடுவார்களே, அவனிடம். சின்ன ஸ்கூட்டரைக்கூடப் பெரிய வண்டி மாதிரி ஓட வைப்பான் என்று பேர். நான் அவனிடம் நிதானமாகச் சொன்னேன். இரண்டு பேர் உட்கார்ந்திருக்க வேண்டும், பாலத்தடியில் நின்று கிளம்ப வேண்டும், பின்னால் இருக்கிறவர் இறங்காமல் மேலே போக வேண்டும், இவ்வளவுதான். அவன் தலையை ஆட்டினான். ஆட்டின தலைக்குள் எதுவும் போகவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

அவன் பட்டறைக்கு வருகிறவன் எல்லாம் ஓட்டம் கேட்டு வருகிறவன். ஆகையால் அவன் கைக்கு வேறு வேலை தெரியவில்லை. பழைய சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு வாய் அகன்ற ஒன்றை மாட்டினான். காற்று வடிகட்டியைத் தூக்கிவிட்டுக் கூம்பு மாதிரி ஏதோ வைத்தான். கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற துவாரத்தைப் பெரிதாக்கினான். பக்கவாட்டு மூடியைத் திறந்து பெல்ட் சுற்றுகிற சக்கரத்துக்கு உள்ளே இருக்கிற ரோலர்களை எடுத்துவிட்டுக் கனமானவற்றைப் போட்டான். எல்லாம் முடித்து, ஏதோ பெண் பார்க்கக் கூட்டிப் போகிற மாதிரி வண்டியைத் துடைத்துக் கொடுத்தான்.

நம் வீட்டு வாசலில் வைத்துச் சாவியைத் திருகினேன். தெரு முழுக்க வெளியே வந்துவிட்டது. தையல்காரர் ஊசியை விரலில் குத்திக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை எழுதச் சொன்னேன், மருந்துக்கடைக்காரர் அதற்கு வார்த்தை இல்லை என்கிறார். சமதரையில் வண்டி பறக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. சட்டை முதுகில் பலூன் மாதிரி உப்பிக்கொண்டது. ஆனால் பாலத்தடியில் நின்று கிளம்பினேன் பார், உறுமியது, புகைந்தது, நின்றுவிட்டது. அதுவும் தனி ஆளாக! முன்பாவது நான் ஒருத்தன் இருந்தால் ஏறும். இப்போது அதுவும் போயிற்று.

திரும்பிப் போய்க் கேட்டால் அவன் கூசாமல் சொல்கிறான். "தூரத்துலருந்தே முறுக்கிட்டு வாங்க பெரியவரே, பாலம் தானா வழி விடும்." பாலம் விடும், காய்கறி வண்டி விடுமா என்று கேட்டேன். அப்புறம்தான் பாலத்தடியில் வண்டிகள் நிற்கும் என்ற விஷயமே அவனுக்கு உறைத்தது. உறைத்த பிறகு உபதேசம் ஆரம்பித்தான். கனமான ரோலர் போட்டால் ஓட்டம், லேசான ரோலர் போட்டால் இழுவை, இரண்டையும் சேர்த்துக் கேட்டால் கொடுக்க முடியாதாம். நான் எப்போதடா ஓட்டம் கேட்டேன்?

மறுபடி விட்டிருக்கிறேன். சரியானதும் தெரிவிக்கிறேன். அதுவரைக்கும் அங்கேயே இரு என்று நான் சொல்லவில்லை. வருவதானால் வா. பேத்திக்குக் குளிர்ந்த தண்ணீர் கொடுக்க வேண்டாம். எல்லோரும் நல்லபடி இருங்கள்.

உன் வீட்டுக்காரன்.

கைநாட்டு வைக்கட்டுமா என்று கேட்டேன். கடிதத்துக்கு அது தேவையில்லையாம்.

*

பாப்பாவின் அம்மாவுக்கு, அதே ஆள், அதே பேனா.

நீ பதில் போடவில்லை. பரவாயில்லை. குழாயைத் தையல்காரர் ஒரு துணியால் இறுக்கிக் கட்டியிருக்கிறார், இப்போது சொட்டாமல் ஒழுகுகிறது. உப்பு டப்பாவைக் கண்டுபிடித்துவிட்டேன்.

பாப்பா போன் பண்ணினாள். நீ பக்கத்தில்தான் இருந்தாய் என்று எனக்குத் தெரியும், உன் வளையல் சத்தம் கேட்டது. அவள் எடுத்ததுமே சண்டைக்கு வந்தாள். நடுத்தெருவில் அம்மாவை இரண்டு மூட்டைக்குச் சமம் என்று சொன்னீர்களாமே என்று கேட்டாள். கிடங்கில் மூட்டை தூக்கி, முதுகு போன பிறகு தராசில் எடை போட நின்றவன் நான். மூட்டைதான் நமக்குச் சோறு போட்டது, அவளைப் படிக்க வைத்தது. என் வாயில் அது வசவு இல்லை என்று சொன்னேன். ஊரில் யார் என்ன பேசினாலும் சொல்லுக்குச் சொல் ஞாபகம் வைத்திருக்கிற அப்பாவுக்குத் தான் பேசினது மட்டும் மறந்துபோகிறது என்றாள். மறக்கவில்லை, சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வண்டி சீக்கிரம் தயாராகிவிடும், அம்மா இனிமேல் இறங்கவே வேண்டாம் என்று சமாதானம் சொன்னேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதச் சொல்கிறேன். "அம்மா இறங்கினதுக்குக் கோவிச்சுக்கலப்பா. நீங்க இறங்கலேன்னுதான்."

இது என்ன பேச்சு என்று எனக்கு விளங்கவில்லை. நான் இறங்கிவிட்டால் வண்டியை யார் ஓட்டுவது? நான்தான் மேலே போய் ஓரமாக நிறுத்திக் காத்திருக்கிறேனே. ஒரு நாளாவது நீ வருவதற்குள் கிளம்பிப் போயிருக்கிறேனா? இதைச் சொன்னதும் பாப்பா, பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டாள். உன்னிடமிருந்து கற்றுக்கொண்டிருக்கிறாள்.

ராக்கெட் என் பிராணனை வாங்குகிறான். அல்லது நான் அவன் பிராணனை வாங்குகிறேன், எது என்று தெரியவில்லை. நடந்தது இதுதான். கனமான ரோலர்களை எடுத்துவிட்டு லேசானவை போடப்போகிறேன், எவ்வளவு லேசாக என்று தீர்மானிக்கப் பின்னால் உட்காருகிறவர் எடை தெரிய வேண்டும் என்றான். அதற்கேற்ற மாதிரி கிளட்ச் ஸ்பிரிங்கும் மாற்ற வேண்டுமாம். பட்டறையில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நான் ஒரு எடை சொன்னேன்.

அவன் நம்பினான். ஏன் நம்ப மாட்டான்? தூக்கிப் பார்த்து நான் சொன்ன எடையைத் தராசு ஒரு தடவைகூட மாற்றிச் சொன்னதில்லை, அது இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அவன் அப்பாவே கிடங்குக்கு வந்து பார்த்தவர். அந்த எடைக்குத் தகுந்த ரோலரைத் தேடிப்பிடித்துப் போட்டான். பிறகு அதே எடைக்கு ஒரு ஆள் வேண்டும் என்றான். தையல்காரரைக் கூட்டி வந்தேன்.

தையல்காரரைப் பின்னால் வைத்துக்கொண்டு பாலத்தடியில் நின்று கிளம்பினேன். வண்டி மேலே போயிற்று. முக்கவில்லை, முனகவில்லை. தையல்காரர் உச்சியில் இறங்கிக் கை தட்டினார். ராக்கெட், இனிமேல் யாரும் தன்னை ஓட்டம் மட்டும் தெரிந்தவன் என்று சொல்லக் கூடாது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

எனக்குத்தான் மனசு ஒட்டவில்லை. தெருமுனையில் வீடு கட்டுகிறார்கள். அங்கே மேஸ்திரியிடம் கேட்டு மணல் வாங்கிச் சாக்கில் அள்ளினேன். நானே தூக்கிப் பார்த்து, கொஞ்சம் கொட்டி, மறுபடி கொஞ்சம் அள்ளி, சரியான எடை வந்ததும் இரண்டு சாக்காகக் கட்டிப் பின்சீட்டில் ஏற்றினேன். பாலத்தில் பாதி தூரம். அங்கே நின்றுவிட்டது.

ராக்கெட்டிடம் போய், ஏறவில்லை என்றேன். அவன் தையல்காரரைக் கூப்பிட்டு ஓட்டிக் காட்டினான், ஏறியது. நான் வீட்டுக்கு வந்து சாக்கை ஏற்றினேன், ஏறவில்லை. மறுபடி போனேன். அவன் மறுபடி தையல்காரரை ஏற்றினான். தையல்காரருக்குத் தைக்க வேண்டிய துணி அப்படியே கிடக்கிறது, அவரும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை பாலம் பார்ப்பார். ராக்கெட் என் முகத்தைப் பார்த்து, பெரியவரே, வண்டியில் ஒன்றும் இல்லை, உங்களுக்குத்தான் மனசு சரியில்லை, கொஞ்ச நாள் மகள் வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு வாருங்கள் என்கிறான். பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இதற்கு மேல் எழுதச் சொன்ன இரண்டு வரியை மருந்துக்கடைக்காரர் எழுத மாட்டேன் என்றார். ராக்கெட்டைப் பற்றியதுதான், உன்னைப் பற்றி இல்லை.

நீ ஒரு வரியாவது போடு. கோபமாகவே போடு. எனக்குப் படிக்கத் தெரியாது, இவர்தான் படித்துக் காட்டுவார், அதனால் கொஞ்சம் பார்த்துப் போடு.

உன் வீட்டுக்காரன்.

*

பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் உடம்பு, பாப்பா உடம்பு, பேத்தி இருமல் எல்லாம் அப்புறம் கேட்கிறேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். தள்ளிப் போட்டால் சொல்ல மாட்டேன்.

முந்தாநாள் சாக்குகளை ஏற்றிக்கொண்டு மறுபடி போனேன். பாலத்தடியில் வழக்கம்போலக் காய்கறி வண்டிகள், நின்றேன். டீக்கடைக்காரன் பின்சீட்டைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கடைக்குள் இருக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி கேட்டான். "என்ன பெரியவரே, அம்மா ஊர்லருந்து வந்துட்டாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் எத்தனை வருஷமாக அவன் கடையில் டீ குடிக்கிறேன், அவன் பேச்சுக்கு நானும் எத்தனை தடவை சிரித்திருக்கிறேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கை தானாக முறுக்கியது. பாதி தூரம் போவதற்குள் உள்ளே பட்டென்று ஒரு சத்தம், ரப்பர் தீய்கிற வாசனை. பெல்ட் அறுந்துவிட்டது. என்ஜின் ஓடுகிறது, சக்கரம் சுற்றவில்லை.

திரும்பிக் கீழே உருட்டிக்கொண்டு போயிருக்கலாம், அதுதான் சுலபம். கீழே அந்தச் சிரிப்பு இருக்கிறதே. சாக்குகளை அவிழ்த்துச் சுவரோரம் சாத்திவிட்டு வண்டியை மேலே தள்ளினேன்.

இந்தப் பாலத்தைக் கட்டினவன் யார் என்று தெரிய வேண்டும். மனுஷன் நடக்க இதில் இடமே வைக்கவில்லை. ஓரத்தில் போடப்பட்டிருக்கிற கல் ஒன்றுக்கு ஒன்று மட்டம் இல்லை, கால் வைத்தால் ஆடுகிறது. லாரி போகும்போது காற்று வந்து சட்டையைப் பிடித்து இழுக்கிறது, சுவரைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் சக்கரத்துக்கு அடியில்தான். சுவர் சுடுகிறது, கை வைக்க முடியவில்லை. ஒரு பொட்டு நிழல் கிடையாது. முட்டி எங்கே கழன்றுவிடுமோ என்று நடுவில் நின்றேன். நின்றால் போகிற வருகிறவன் எல்லாம் பார்க்கிறான். பார்க்கிறானே என்று நடந்தால் மூச்சு வாங்குகிறது. நிமிர்ந்து பார்த்தால் நான் எப்போதும் நிற்கிற விளக்குக் கம்பம் எங்கேயோ இருக்கிறது. அங்கே நின்று கீழே பார்க்கும்போது இந்தத் தூரம் ஒன்றுமே இல்லாத மாதிரித்தான் தெரியும். சீக்கிரம் வா என்று கையை வேறு ஆட்டுவேன்.

இத்தனை நாளாக நீ இதில் நடந்தாயே, ஒரு நாளாவது என்னிடம் சொன்னாயா? கல் ஆடுகிறது என்று சொன்னாயா? மேலே வந்ததும் ஒன்றும் பேசாமல் ஏறி உட்கார்ந்துகொள்வாய். நானும் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டுவிட்டு வண்டியை எடுப்பேன். வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?

மருந்துக்கடைக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். கடைக்கு யாரும் வரவில்லை, சும்மாதான் துடைக்கிறார். நானும் கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொண்டேன்.

உச்சிக்குப் போனதும் வண்டியைச் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். யாரோ போய்ச் சொல்லி ராக்கெட் வந்தான். வரும் வழியில் சாக்குகளைப் பார்த்திருக்கிறான். மணலை ஏன் விட வேண்டும் என்று தன் வண்டியில் வைக்கத் தூக்கியிருக்கிறான், தூக்கின கையோடு நான் சொன்ன எடை பொய் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தராசில் நின்ற ஆள் நீங்கள், இவ்வளவு வித்தியாசம் எப்படி வந்தது என்று மெதுவாகக் கேட்டான்.

"ஒரு தடவ நடுத்தெருவுல சொன்னதுக்கே வீடு காலி தம்பி. ரெண்டாவது தடவ உன் பட்டறைல நாலு பேருக்கு முன்னாடி சொல்லுவனா?"

அவன் சிரிப்பான் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. வண்டியைத் தன் வண்டியோடு கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனான். பட்டறையில் நின்றவர்களை வெளியே போகச் சொல்லிக் கதவை இழுத்துவிட்டான். எடையை இனி நான் கேட்க மாட்டேன், சாக்கு இரண்டையும் இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள் என்றான். இன்றைய தேதி வரைக்கும் அந்த எடையை நான் யாரிடமும் சொல்லவில்லை. மருந்துக்கடைக்காரர் இப்போதும் ஆவலாகத்தான் பார்க்கிறார், அவரிடமும் சொல்ல மாட்டேன்.

இப்போது வண்டி ஏறுகிறது. அவன் அந்த அகன்ற வாய்ச் சைலன்சரைக் கழற்றிவிட்டுப் பழையதையே கரி தட்டி மாட்டினான். கூம்பை எடுத்துவிட்டான். கார்புரேட்டரைப் பழையபடி வைத்தான். புது பெல்ட், அவனிடம் இருந்ததிலேயே லேசான ரோலர். நேற்று அந்தச் சாக்குகளோடு பாலத்தடியில் நின்று கிளம்பினேன், உச்சி வரைக்கும் நிற்கவில்லை. நத்தை மாதிரிதான் ஏறியது, ஆனால் ஏறியது. ஓட்டம் சுத்தமாகப் போய்விட்டது. சமதரையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போகிறார்கள். பெட்ரோலை வேறு தண்ணீர் மாதிரி குடிக்கிறது. இந்த வேலையைத் தான் செய்ததாக வெளியே சொல்ல வேண்டாம், தொழில் கெட்டுவிடும் என்று ராக்கெட் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

ஏறிவிட்டது, எனக்கு அதில் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இத்தனை நாள் அவனோடு மல்லுக்கட்டி, தையல்காரரைப் படுத்தி, மேஸ்திரியிடம் மணலுக்குக் கெஞ்சி, கடைசியில் இரண்டு மணல் சாக்கை மேலே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். மேலே போய் வண்டியை நிறுத்திவிட்டு, சாக்கைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பாப்பா போனில் சொன்னது எனக்கு அங்கே விளங்கியது. விளங்கினதை எப்படி எழுதச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. எதிரே இன்னொருத்தர் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார். நேரில் என்றால் நான் பேசாமல் இருந்தாலும் நீ முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வாய்.

டீக்கடைக்கு நான் இப்போது போவதில்லை.

நீ வருகிற நாளைப் பாப்பாவிடம் சொல்லி அனுப்பு. பஸ் நிலையத்தில் வந்து நிற்கிறேன். வண்டியைக் கொண்டுவரட்டுமா, வேண்டாமா, அதையும் நீயே சொல். கொண்டுவந்தால் உன்னை உட்கார வைத்துக்கொண்டே பாலம் ஏறும், அதற்கு நான் பொறுப்பு. தப்பித்தவறி நடுவில் நின்றுவிட்டால் நானும் இறங்கிவிடுவேன், தள்ளிக்கொண்டே சேர்ந்து போகலாம். வண்டியே வேண்டாம் என்று சொன்னாலும் சரி, நடந்தே வருவோம். மூச்சு வாங்கினால் நிற்போம், எனக்கும் நிற்க வேண்டியிருக்கிறது. சிரிக்கிறவன் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்துச் சிரித்துக்கொள்ளட்டும்.

நீ சுவரோரமாக வா. லாரி போகிற பக்கம் நான் நடக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்.